கையெழுத்துப் போடலாமா?



பக்கவாதம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ரவாங்கிலிருந்து ஒரு சகோதரி எழுதியது பக்கவாதத்தைப் பற்றியதே இல்லை. அவருடைய அப்பாவுக்குக் காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் பேச்சு குழறியிருக்கிறது. பெற்ற பிள்ளைகளைப் பார்த்தே “நீ யாரும்மா?” என்று கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்களாம். உறவுக்காரர்கள் விடவில்லை. “முதுகுல ஊசி போட்டா காலு விளங்காமப் போயிரும், சம்மதிக்காதே” என்று ஆளாளுக்குத் தடுத்திருக்கிறார்கள். ஒரு பகல் முழுக்க அந்த வாக்குவாதத்திலேயே போய், ராத்திரிதான் ஊசி போடப்பட்டது. மூளைக்காய்ச்சல் என்று தெரிந்து மருந்து ஏற்றினார்கள். அப்பா இப்போது நலமாக வீட்டில் இருக்கிறார்.

அவர் கேட்ட கேள்வி அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. வீட்டுக்கு அனுப்பும் முன் ஓர் இளம் டாக்டர் வந்து, அப்பாவின் இரத்தத்தில் கொஞ்சமும் அந்த முதுகு நீரில் மிச்சமும் ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று பாரம் நீட்டியிருக்கிறார். பாரம் மலாயில் இருந்தது. சகோதரி கையெழுத்துப் போட்டுவிட்டார். “அண்ணன் இன்னமும் திட்டுகிறார், அப்பாவை எலியாக்கிவிட்டாய் என்கிறார். நான் செய்தது தப்பா?” என்று எழுதியிருக்கிறார்.

தப்பே இல்லை, தங்கச்சி. ஆனால் அண்ணனுடைய கோபத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். அதற்குப் பின்னால் ஒரு பழைய காரணம் இருக்கிறது. அது நம் கோலாலம்பூரிலேயே நடந்தது.

நூற்றிருபது ஆண்டுக்கு முந்தைய மலாயாவில் ஆளைக் கொன்ற பெரிய நோய்களில் ஒன்று பெரிபெரி. முதலில் பாதம் மரத்துப்போகும். அப்புறம் கால் தூக்க வராது, நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பு வீங்கி, மூச்சு முட்டி, இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். கிருமியா, மண்ணா, காற்றா என்று யாருக்கும் புரியவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவ அதிகாரியாக இருந்த பிராடன் மட்டும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார். தீட்டி வெளுத்த சயாம் பச்சரிசியைத் தின்கிறவர்களுக்கு நோய் வருகிறது. அதே வெயிலில், அதே மழையில் வேலை செய்யும் தமிழர்கள் புழுங்கல் அரிசிச் சோறு தின்கிறார்கள். அவர்களுக்கு வருவது மிக அபூர்வம். காரணம் அரிசிதான் என்று அவர் அடித்துச் சொன்னார். மற்ற டாக்டர்கள் நம்பவில்லை.

அப்போது கோலாலம்பூரில் ஒரு மனநோயாளர் காப்பகம் இருந்தது. 1905-இல் அங்கே பெரிபெரி பரவியது. வில்லியம் பிளெட்சர் என்ற டாக்டர், பிராடன் சொல்வது சரியா என்று பார்த்துவிடத் தீர்மானித்தார். 1905 டிசம்பர் 5-ஆம் தேதி, காப்பகத்தில் இருந்த அத்தனை பேரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்து, இடப்பக்கத்திலிருந்து எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்கக் கூடத்துக்கு. அவர்களுக்குப் பழையபடி சயாம் அரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்குப் பக்கக் கூடத்துக்கு. அவர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. மற்றபடி குழம்பும் கறியும் இரண்டு பக்கமும் ஒன்றே. கட்டடத்தில்தான் கோளாறோ என்ற சந்தேகம் வரக்கூடாது என்று, 1906 ஜூனில் இரண்டு கூட்டத்தையும் கூடம் மாற்றினார்கள். அரிசி மட்டும் மாறவில்லை.

ஓராண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது, சயாம் அரிசி தின்ற 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெரிபெரி. 18 பேர் இறந்துவிட்டார்கள். புழுங்கல் அரிசி தின்ற 123 பேரில் நோய் இருந்தது இரண்டே பேருக்கு. அவர்கள் நோயோடுதான் உள்ளே வந்தவர்கள். சாவு ஒன்றுகூட இல்லை.

1907-இல் இது லண்டனின் ‘லான்செட்’ இதழில் வந்தது. கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பிரேசர், ஸ்டான்டன் என்ற டாக்டர்கள் இதையே மேலும் துருவினார்கள். ஜெலெபு காட்டில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் அவர்கள் கண்டதும் இதையேதான். நெல்லை வேகவைக்கும்போது தவிட்டில் இருக்கும் ஒரு சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் அதில் பெரும்பகுதி உள்ளேயே தங்கும். அந்தச் சத்துதான் இன்று நாம் பி1 வைட்டமின் என்று சொல்லும் தயாமின். நரம்புக்கும் மூளைக்கும் அது இல்லாமல் சில வாரங்களுக்கு மேல் ஒழுங்காக ஓடாது. நம் பாட்டிமார் அண்டாவில் நெல் அவித்ததன் பலன் என்ன என்பதை உலகத்துக்கு எண்ணிக்கையோடு காட்டிய இடங்களில் கோலாலம்பூருக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. இதைத் தமிழ்ப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் அந்தப் பதினெட்டுப் பேர்? அவர்களில் ஒருவரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. காப்பகத்தில் அடைபட்டவர்கள், வீட்டார் எங்கோ, எண்ணுக்கு எண் பிரித்து உட்காரவைத்தார்கள். கிழக்குக் கூடத்தில் இருந்தவர்கள் தினமும் தட்டில் வந்ததைத் தின்றார்கள், செத்தார்கள். அவர்கள் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. பிளெட்சரைக் கொடியவர் என்று நான் எழுத மாட்டேன். கிழக்குக் கூடத்துக்குப் போனது பழைய சாப்பாடுதான், அவர் புதிதாக நஞ்சு எதையும் ஊட்டவில்லை. அதோடு, இந்த ஆராய்ச்சி பிழைக்கவைத்த உயிர்களுக்குக் கணக்கே கிடையாது. ஆனாலும் நோய் கண்ட ஒருவரைக் கேட்காமலே அவர் உடம்பில் உண்மை தேடுவது எவ்வளவு பாரமான காரியம் என்பதை அந்தப் பதினெட்டு என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் உணர்கிறேன்.

உலகம் இதை உணர இன்னும் நாற்பது ஆண்டு பிடித்தது. நாஜி டாக்டர்களின் கொடுமைகள் வெளிவந்த பிறகு 1947-இல் நியூரம்பர்க் நெறிமுறை வந்தது. 1964-இல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவச் சங்கம் தன் அறிக்கையை வெளியிட்டது. சம்மதம் இல்லாமல் யார் உடம்பிலும் ஆராய்ச்சி கிடையாது என்ற பேச்சு அப்படித்தான் ஊன்றியது. ரவாங் சகோதரியிடம் அந்த இளம் டாக்டர் நீட்டிய பாரம் அந்த வழியில் வந்தது. “எலியாக்கிவிட்டாய்” என்று அண்ணன் சொன்னாரே, எலியிடம் யாரும் பாரம் நீட்டுவதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

பெரிபெரி பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. சம்சுவும் மலிவான சாராயமும் நம் குடும்பங்களில் செய்த நாசம் உங்களுக்குத் தெரியும். நெடுங்காலமாகக் குடிப்பவர் சரியாகச் சாப்பிட மாட்டார். சாப்பிட்டாலும் தயாமின் உடம்பில் ஒட்டாது. ஒரு நாள் திடீரென்று அவருக்கு நடை தள்ளாடும், கண் பார்வை இரண்டாகத் தெரியும், இடம் பொருள் தெரியாமல் பேசுவார். “போதை இறங்கலே” என்று வீட்டில் படுக்கவைத்துவிடுவோம். அது போதையாக இல்லாமல் மூளை பட்டினி கிடப்பதாகவும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் தயாமின் ஊசி போட்டால் பலர் தேறுவார்கள். நாள் கடந்தால் ஞாபகம் திரும்பாமலே போய்விடும். குடித்திருக்கிறார் என்ற வெட்கத்தில் டாக்டரிடம் மறைக்காதீர்கள். “நெடுநாளாகக் குடிக்கிறார், சாப்பிடுவதில்லை” என்ற அந்த ஒரு தகவலில்தான் வைத்தியமே தொடங்குகிறது.

இனி முதுகு ஊசி. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு தெளிந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரியவர் ஒருவர் உடம்பில் எந்த நேரமும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் இருக்கும். ஒரு நாளில் சுமார் அரை லிட்டர் புதிதாக ஊறும், பழையது வற்றும். பரிசோதனைக்கு எடுப்பது ஒன்றிரண்டு மேசைக்கரண்டி அளவுக்குள்தான். அது சில மணி நேரத்தில் மீண்டும் ஊறிவிடும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து மடக்கச் சொல்வார்கள். இடுப்புக்கு மேலே கையை வைத்து எலும்பைத் தடவிப் பார்த்து இடம் குறிப்பார்கள். மரத்துப்போக ஒரு சின்ன ஊசி. அதன் பிறகுதான் நீளமான மெல்லிய ஊசி. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே. அங்கே நரம்புகள் தண்ணீரில் மிதக்கும் நூலிழைகள் போலக் கிடப்பதால், ஊசி வந்தால் ஒதுங்கிக்கொள்ளும். கால் விழுந்துவிடும் என்ற பயம் இங்கேதான் அடிபட்டுப் போகிறது. சிலருக்கு இரண்டு மூன்று நாள் தலைவலி இருக்கும், அது உண்மை. மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்று சந்தேகம் வந்தால் முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொடுவார்கள். மூளைக்காய்ச்சலில் மணிக்கணக்கு முக்கியம். நமக்குள் வாக்குவாதம் பண்ணிக் கழித்த அந்த ஒரு பகல் யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

அந்த நீரின் சில சொட்டுகள் ஒரு நாட்டையே காப்பாற்றிய கதையும் நம்முடையதுதான்.

1998 செப்டம்பர் முடிவில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். தலைவலி, மயக்கம், நினைவு தப்புதல், சாவு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். அது கொசுவால் பரவுவது. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. விலைபோன பன்றிகளோடு அதுவும் தெற்கே இறங்கி, 1999 தொடக்கத்தில் போர்ட் டிக்சன் பக்கம் புக்கிட் பெலாண்டோக்கைப் பிடித்தது. அது அன்று நாட்டிலேயே பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரம். முதலாளிகள் சீனர்கள். கூலிக்கு நின்றவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள்.

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள்.  அங்கே நரம்பியல் டாக்டர்கள் டான் சோங் தின்னும் கோ கியன் ஜின்னும், நோயாளிகள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். கொசு கடித்து வரும் அந்த ஜப்பானியக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் பிடிக்கும். இங்கே விழுவது பெரிய ஆம்பிளைகள். தடுப்பூசி போட்டவர்களும் விழுகிறார்கள். பண்ணைக்குள் போகிறவர் விழுகிறார், பண்ணைப் பக்கம் போகாத அண்டை வீட்டார் பெரும்பாலும் தப்புகிறார். அதற்கும் முன்னே பன்றிகளே தொலைதூரம் கேட்கும்படி இருமிக்கொண்டிருந்தன. ஜப்பானியக் காய்ச்சலில் வளர்ந்த பன்றி இப்படி நோயில் விழாது. இவை எல்லாம் நோயாளியின் வாயிலிருந்தும் வீட்டாரின் வாயிலிருந்தும் வந்த தகவல்கள்.

சுங்கை நிப்பா கம்பத்திலிருந்து வந்த நோயாளி ஒருவரின் முதுகு நீர், நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் சுவா காவ் பிங் என்ற டாக்டரின் கைக்கு வந்தது. பேராசிரியர் லாம் சாய் கிட்டின் துறை அது. வளர்ப்புச் செல்களின் மேல் அந்த நீரை விட்டு வைத்தார். சில நாளில் செல்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து பெரிது பெரிதாக வீங்கி நின்றன. தெரிந்த கிருமிகளுக்கான சோதனைகளைப் போட்டுப் பார்த்தார், எதுவும் ஒத்துவரவில்லை. 1999 மார்ச்சில் அந்த மாதிரியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் போர்ட் காலின்ஸ் நகரிலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போனார். மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்தது, கொசுவோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறு குடும்பத்து வைரஸ். 1994-இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா வைரஸின் நெருங்கிய உறவு. உலகம் அதுவரை காணாத ஒன்று. கம்பத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

கொசுவை விட்டுவிட்டுப் பன்றியின் பக்கம் திரும்ப வேண்டும் என்ற செய்தி கோலாலம்பூருக்கு வந்ததும் எல்லாம் மாறியது. இராணுவம் இறங்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. மே மாதத்தோடு நோய் அடங்கியது. அதற்குள் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்திருந்தார்கள். சிங்கப்பூரில் அறுப்புக் கூடத்தில் வேலை செய்த 11 பேருக்கு வந்து ஒருவர் இறந்தார். அந்தச் சில சொட்டு நீர் கிடைக்காமல் போயிருந்தால் இன்னும் எத்தனை மாதம் கொசுவுக்குப் புகை அடித்துக்கொண்டு இருந்திருப்போம் என்பதை நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

சுவா அதோடு விடவில்லை. வைரஸ் பன்றிக்கு எங்கிருந்து வந்தது? பழந்தின்னி வௌவால் மேல் சந்தேகம். தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களுக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்து வைத்து, மேலிருந்து விழும் சிறுநீர்த் துளிகளைச் சேகரித்தார். கடித்துப் போட்ட ஜம்பு ஆயர் பழத்தையும் எடுத்துப் பார்த்தார். இரண்டிலும் நிப்பா இருந்தது. பண்ணைக் கொட்டகைகளின் மேல் கிளை பரப்பி நின்ற மாமரங்களும், வௌவால் கடித்துப் போட்ட பழங்களும், கீழே வாய் திறந்து நின்ற பன்றிகளும் ஒரே வரிசையில் வந்து நின்றன. விஞ்ஞானம் என்றால் கண்ணாடிக் கூண்டுக்குள் நடப்பது என்று நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பிளாஸ்டிக் விரிப்பைப் பற்றிச் சொல்லுங்கள்.

வைத்தியத்தின் பக்கம் கதை இவ்வளவு இனிப்பாக இல்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பார்த்த 94 நோயாளிகளில் 30 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ பாதிப்பேர் முழுக்கத் தேறினார்கள், மற்றவர்களுக்கு நரம்புக் குறை மிஞ்சியது. நோய் கண்ட மற்றவர்களையும் சேர்த்துப் பலருக்கு ரிபாவிரின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து கிடைத்தவர்களில் 32 விழுக்காட்டினரும் கிடைக்காதவர்களில் 54 விழுக்காட்டினரும் இறந்ததாகக் கணக்கு வந்தது. கேட்க நம்பிக்கை தருகிறது. ஆனால் மருந்து கிடைக்காதவர்கள் பெரும்பாலும் அது வந்து சேர்வதற்கு முன்னால் படுத்தவர்கள். நோயைப் பற்றி டாக்டர்களுக்கே எதுவும் தெரியாத நாட்களில் படுத்தவர்கள் அவர்கள். இரண்டு கூட்டமும் ஒரே நிலையில் இல்லை. பின்னால் விலங்குகளில் பார்த்தபோது அந்த மருந்து உயிரைக் காக்கவில்லை. வரிசையில் நிற்கவைத்து ஒற்றை இரட்டை என்று பிளெட்சர் எண்ணியதற்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பது இங்கே தெரிகிறது. சம்மதமும் வேண்டும், நேர்மையான ஒப்பீடும் வேண்டும். இன்று நல்ல ஆராய்ச்சி என்றால் இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

தப்பித்தவர்களையும் அந்த வைரஸ் முழுக்க விடவில்லை. சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்து மூளைக்காய்ச்சல் திரும்ப வந்தது. பதினோரு ஆண்டுக்குப் பிறகு வந்த ஒருவரைப் பற்றி 2012-இல் நம் ஊர் டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள். 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பக்கம் நிப்பா 17 பேரைக் கொண்டுபோனது. நோயாளியைப் பார்த்துக்கொண்ட தாதி லினியும் அதில் ஒருவர். ஆனால் அங்கே சந்தேகப்பட்ட டாக்டர்கள் மாதிரியை மணிப்பால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, சில நாட்களிலேயே நிப்பா என்று உறுதி செய்துவிட்டார்கள். நமக்கு மாதக்கணக்கில் ஆனது அவர்களுக்கு நாள் கணக்கில் முடிந்ததென்றால், 1999-இல் இங்கே கிடைத்த வைரஸும் அதன் சோதனைகளும் அதற்குக் காரணம். தடுப்பூசி இன்னும் கைக்கு வரவில்லை. 2024 ஜனவரியில் ஆக்ஸ்போர்டில் ஒன்றை முதல்முறையாக மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

“சரி, ஆராய்ச்சி நல்லதுதான், ஆனால் எங்கள் அப்பா இரத்தம் எதற்கு? வேறு யாரிடமாவது எடுத்துக்கொள்ளட்டுமே” என்று அந்த அண்ணன் கேட்கலாம். அதற்கு வலிப்பு மாத்திரையின் கதை பதில் சொல்லும்.

கார்பமசபின் என்று ஒரு மருந்து, டெக்ரெட்டால் என்ற பெயரில் பலர் வாங்கியிருப்பீர்கள். வலிப்புக்கும் முகத்து நரம்பு வலிக்கும் நல்ல மருந்து, விலையும் குறைவு. லட்சக்கணக்கானோர் எந்தத் தொல்லையும் இல்லாமல் சாப்பிடுகிறார்கள். மிகச் சிலருக்கு மட்டும் அது உடம்பின் தோலையே உரித்துவிடும். வாய் புண்ணாகி, கண் சிவந்து, தீப்பட்டது போல் தோல் கழன்று, உயிருக்கே ஆபத்தாகும். 2004-இல் தைவானில் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரின் இரத்தத்தைப் பார்த்தார்கள். 44 பேரிடமும் ஒரே மரபணு அடையாளம் இருந்தது. எச்.எல்.ஏ-பி 1502 என்பது அதன் பெயர். ஐரோப்பியர்களிடம் அது மிக அபூர்வம். ஆகவே ஐரோப்பாவில் எத்தனை ஆயிரம் பேரைச் சோதித்திருந்தாலும் இந்த உண்மை கண்ணில் பட்டிருக்காது. 2007 டிசம்பரில் அமெரிக்க அரசே, ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைத் தொடங்கும் முன் சோதித்துப் பாருங்கள் என்று அறிவித்தது.

ஆசியா என்றால் சீனர் மட்டுமா? இந்தியர்களுக்கு எப்படி? அந்தக் கேள்விக்கு மலாயாப் பல்கலைக்கழகக் குழுவினர், வலிப்பு மருத்துவர் லிம் கெங் சியாங்கும் டான் சோங் தின்னும் அதில் உண்டு, மலேசிய இந்திய நோயாளிகளின் இரத்தத்தையும் இந்தியாவில் கிடைத்த கணக்கையும் சேர்த்துப் பார்த்து 2014-இல் பதில் எழுதினார்கள். நம்மிடமும் அந்த அடையாளத்துக்கும் ஆபத்துக்கும் தொடர்பு உண்டு. யாரோ சில நம்மவர் கை நீட்டி இரத்தம் கொடுத்ததால்தான் இது தெரிந்தது. அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கு இந்தப் பக்கத்தில் மனமார நன்றி சொல்கிறேன்.

வீட்டில் யாருக்காவது இந்த மருந்தைப் புதிதாக எழுதிக்கொடுத்தால், “இரத்தத்தில் அந்தச் சோதனை பார்க்க வேண்டுமா, டாக்டர்?” என்று கேளுங்கள். ஆபத்து வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் வரும். காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண், தடிப்பு என்று எது கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஆண்டுக்கணக்கில் நல்லபடியாகச் சாப்பிட்டு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து ஆளையே சாய்த்துவிடும்.

இனி பாரத்துக்கு வருவோம். ரவாங் சகோதரி கையெழுத்துப் போட்டதில் எனக்குக் குறையில்லை, கேள்வி கேட்காமல் போட்டதில்தான் சின்ன வருத்தம். பாரம் மலாயிலோ இங்கிலீஷிலோ இருந்து புரியவில்லை என்றால், தமிழில் விளக்க ஒருவரை அழைத்து வரச் சொல்லலாம். வார்டில் தமிழ்த் தாதி யாராவது இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். என்ன எடுக்கப் போகிறீர்கள், கூடுதலாக ஊசி குத்துவீர்களா, சிகிச்சைக்காக எடுத்ததில் மிச்சம்தானா என்று கேளுங்கள். பெயரும் ஐ.சி. எண்ணும் மாதிரியோடு போகுமா, வெறும் குறியீட்டு எண்தானா? வெளிநாட்டுக்கு அனுப்புவீர்களா? எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள்? குடும்பத்துக்கே உதவும் ஏதாவது தெரிந்தால் எங்களுக்குச் சொல்வீர்களா? இது மருந்துச் சோதனை என்றால், எங்களுக்கு வருவது புது மருந்தா, பழையதா, வெறும் மாவு மாத்திரையா என்று யார் தீர்மானிப்பார்கள்? எந்த நெறிக்குழு அனுமதி கொடுத்தது? சுகாதார அமைச்சுக்கு ஒரு நெறிக்குழு உண்டு, பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்குத் தனியாக உண்டு. பாரத்தில் அந்த விவரமும், பிறகு கேட்க ஒரு தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். பாரத்தின் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

மிக முக்கியமாக, “இல்லை” என்று சொன்னால் வைத்தியம் குறையக் கூடாது. போட்ட கையெழுத்தைப் பிறகு திரும்பப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. இந்த இரண்டில் ஒன்றை மறுக்கிற யாரிடமும் கையெழுத்துப் போடாதீர்கள்.

புதியதைக் கண்டு ஒதுங்கிய ஊர் இல்லை ரவாங். பத்துமலைக் கோயிலை எழுப்பிய தம்புசாமிப் பிள்ளை, சுரங்க முதலாளி லோக் யூவோடு சேர்ந்து 1894-இல் அங்குள்ள ஈயச் சுரங்கத்தில்தான் மின்சாரத்தைக் கொண்டுவந்தார். மலாயாவில் மின்சாரம் முதலில் வந்த இடங்களில் ஒன்று நம் சகோதரியின் ஊர். ஆகவே அந்த அண்ணனும் வழிக்கு வந்துவிடுவார் என்று நம்புகிறேன். அப்பாவின் கையில் அந்தப் பிரதி இல்லை என்றால், அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது இருவருமாகப் போய்க் கேட்டு வாங்கி வாருங்கள். அந்த டாக்டர் இன்னும் அங்கேதான் இருப்பார், மேலே நான் எழுதிய கேள்விகளை அவரிடம் இப்போதுகூடக் கேட்கலாம். நல்ல ஆராய்ச்சியாளர் கேள்விக்குச் சலித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவர் ஒருவர் பதில் எழுத இசைந்திருக்கிறார். வலிப்பு, கை நடுக்கம், ஞாபக மறதி, மூளைக்காய்ச்சல் என்று எதைப் பற்றியும் கேளுங்கள். நோயாளியின் வயது, எந்த மருந்து, எத்தனை நாளாக என்ற மூன்றும் இருக்கட்டும், பெயர் வேண்டாம். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 1999-இல் புக்கிட் பெலாண்டோக் பண்ணைகளில் கூலிக்கு நின்ற நம் குடும்பங்கள் இன்று சிரம்பானிலும் கிள்ளானிலும் காஜாங்கிலும் சிதறிக் கிடக்கின்றன. அந்த மாதங்களில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது, ஆஸ்பத்திரியில் யார் என்ன கேட்டார்கள், பண்ணை மூடிய பிறகு எங்கே போனீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். கைப்பட எழுதினாலும் சரி, பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக் குரல் பதிவாக அனுப்பினாலும் சரி, நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்